மூடிக்குள் வேர்வை

வானம் லேசாக இருட்டினாலே ஷத்லியின் கார் நின்றுவிடும் என்பது துனிஸுக்கு மேற்கே பேஜா ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஷத்லி அங்கே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். ஊரில் பாதிப் பேர் அவனிடம்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றார்கள். அப்பேர்ப்பட்டவன் தன் சொந்தக் காரைக் கோதுமைச் சந்தை வழியாகத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்க மாணவர்களுக்குக் கசக்குமா என்ன?

கார் 1958-இல் பிரான்சில் செய்தது. புறா நிறம். அதனால் அதற்கு ஹமாமா என்று பேர் வைத்திருந்தான். ஊர்ப் பேச்சில் ஹமாமா என்றால் புறா. பழைய கார்க் கழகத்தின் தலைவர் லஸ்ஸாத்துக்கு வாய்க்கு மெல்ல அந்த ஒரு சொல் போதும். அவர் தானிய வியாபாரி. மூட்டை தூக்குகிறவர்களை அதட்டி அதட்டி வளர்ந்த குரல்.

"இது ஹமாமா இல்லய்யா, ஹம்மாம்! ஊர்ப் பொதுக் குளியல்கூடம்! மேல ஈரம், கீழ ஈரம், உள்ள உக்காந்தவனுக்கும் ஈரம்!" என்பார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஷத்லியின் மனைவி தலந்தா அந்தச் சிரிப்பை மூன்று வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைவீதியில் பெண்களுக்கான முடி அலங்காரக் கடை வைத்திருப்பவள் அவள். கழகத்தின் பயணங்களில் வரைபடத்தை மடியில் விரித்து வழி சொல்வது அவள் வேலை. என்ஜின் மேல் அவளுக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஊர் சிரிப்பதுதான் ஆகவில்லை.

ஷத்லி சும்மா இருந்தான் என்று சொல்ல முடியாது. பிளக்குகளை மாற்றினான். ஒயர்களை மாற்றினான். காயிலை மாற்றினான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதே, மழைத்தண்ணீர் பட்டால் முதலில் முரண்டு பிடிப்பது அதுதான் என்று படித்துவிட்டு, அதன் மூடியைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசி, அதற்கு மேல் சைக்கிள் ட்யூபை வெட்டி உறைபோல மாட்டியிருந்தான். அதற்கு அவன் வைத்த பெயர் 'கவசம்'. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுப்பதற்கு முன் பானட்டைத் திறந்து கவசத்தைக் காட்டுவான். கவசம் ஏறிய பிறகும் கார் நின்றதுதான் வேதனை.

அந்த ஜனவரியில் கழகத்தார் எல்லோரும் புல்லா ரெஜியா இடிபாடுகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார்கள். போகும் வழியெல்லாம் மழை கொட்டியது. ஹமாமா முணுமுணுக்காமல் ஓடியது. சாப்பிட்டு முடித்துத் திரும்பக் கிளம்பும்போது வெறும் தூறல்தான். ஷத்லி சாவியைத் திருப்பினான். என்ஜின் பிடித்தது, இருமியது, நாலில் இரண்டு சிலிண்டர் மிஸ் அடித்து, பின்னால் டப்பென்று ஒரு வெடிச்சத்தம் போட்டுவிட்டு அடங்கியது.

லஸ்ஸாத் தன் பெரிய கறுப்புக் காரின் கண்ணாடியை இறக்கினார்.

"ஷத்லி, உன் பள்ளிக்கூடத்துல தள்ளுறதுக்கும் தனியா லைசென்ஸ் குடுக்குறியா?"

தலந்தாவும் இறங்கி ஷத்லியோடு சேர்ந்து தள்ளினாள். அவளுடைய நல்ல செருப்பு சேற்றில் புதைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளும்போதுதான் அந்தக் கேள்வி அவளுக்கு வந்தது.

"ஷத்லி, வரும்போது மழை எப்படி?"

"கொட்டுச்சு."

"வண்டி எப்படி வந்துச்சு?"

"வழுக்கிக்கிட்டு வந்துச்சு."

"இப்ப வெறும் தூறல். இப்ப ஏன் சாகுது?"

ஷத்லி மூச்சைப் பிடித்துத் தள்ளினான். அவள் விடவில்லை. "நெஃப்ஸாவுல நின்னுச்சே, அது காப்பி குடிச்சிட்டு வந்த பிறகு. மாத்தூர்ல உன் தங்கச்சி மக கல்யாணத்துல நின்னுச்சே, அது விருந்துக்குப் பிறகு. ஓடிக்கிட்டிருக்கும்போது மழையில ஒரு தடவையாவது நின்னிருக்கா? நனைஞ்சா ஓடுது, இளைப்பாறினா சாகுது. நீ மழை மேல பழி போடுற."

"தலந்தா, முடி விஷயம் உனக்கு. வண்டி விஷயம் எனக்கு."

"சரி. அப்ப தள்ளு. இதுவும் வண்டி விஷயம்தானே" என்று சொல்லிவிட்டு அவள் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை அவள் கடைக்கு விடுமுறை. காலையிலேயே முடி நனைக்கும் ஸ்பிரே பாட்டிலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டாள். என்ஜின் காற்றாடியில் சிக்காமல் இருக்கத் தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டாள்.

"என்ஜினைப் போடு."

"என்ன பண்ணப் போற?"

"குளிப்பாட்டப் போறேன்."

ஹமாமா ஓடிக்கொண்டிருக்க, அவள் ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் தெளித்தாள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நனைக்கவில்லை. முதலில் ஒயர்கள், பொறுத்துப் பார்த்தாள். பிறகு காயில், பொறுத்துப் பார்த்தாள். பிறகு பிளக்குகளின் தலை. கடைசியில் கவசம். என்ஜின் சத்தத்தில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. ஒரு கம்பளியைத் திறந்த பானட் மேல் போட்டு இருட்டாக்கி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். மின்சாரம் கசிந்தால் நீலப் பொறி தெரியும் என்று ஷத்லிதான் எப்போதோ சொல்லியிருந்தான். ஒரு பொறியும் இல்லை.

"பார்த்தியா?" ஷத்லி நெஞ்சை நிமிர்த்தினான். "என் கவசம்!"

"பார்த்தேன். வெளியில இருந்து வர்ற தண்ணியால இல்ல. அது முடிஞ்சுது. இப்ப வண்டியை ஓட்டிட்டு வா. நல்லா சூடு ஏறட்டும். வந்து இதே இடத்துல நிறுத்து."

ஷத்லி ஜெந்தூபா சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தான். தூறல் மறுபடியும் பிடித்திருந்தது. காரைத் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே போய்க் காப்பி குடித்தார்கள். தலந்தா வேண்டுமென்றே இரண்டாவது கோப்பையும் ஊற்றினாள். பிறகு வெளியே வந்து, "இப்ப போடு" என்றாள்.

இருமல். டப். நாலில் இரண்டு.

தலந்தா கைதட்டினாள். கணவனின் கார் கெட்டதற்கு இப்படித் துள்ளிக் குதித்த பெண்ணை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று பார்த்தாள்.

"வந்துடுச்சு அந்தக் கோளாறு! நாம கூப்பிட்டு வந்திருக்கு ஷத்லி! இத்தனை நாள் அதுவா வந்துச்சு. இப்ப நாம கூப்பிட்டோம். திற அந்த மூடியை."

"எந்த மூடியை?"

"கவசத்தை."

ஷத்லியின் முகம் மாறியது. "அதை ஏன்? அதுல ஈகூட நுழையாது."

"நுழையாது. அதே மாதிரி வெளியவும் வராது. திற."

அவன் சவரப் பிளேடை எடுத்து வந்தான். தன் பிள்ளைக்குத் தானே கத்தி வைக்கிறவன் மாதிரி சிலிக்கானைக் கீறினான். மூடி மெல்ல விடுபட்டது. திருப்பிப் பார்த்தார்கள். வெளிப்புறம் சருகு போல உலர்ந்திருந்தது. உட்புறம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது.

மூடியின் அடிவிளிம்பில் ஒரு சிலிக்கான் பொட்டு தலந்தாவின் விரலில் தட்டுப்பட்டது.

"அடியில ஒரு சின்ன ஓட்டை இருந்திருக்குமே, மூச்சு விட. அதை என்ன பண்ணின?" என்று தலந்தா கேட்டாள்.

"அடைச்சேன்" என்றான் ஷத்லி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. "தண்ணி போயிடும்னு."

"வேலைமெனக்கெட்டு ஓட்டை போட்டவனுக்குக் காரணம் இருக்காதா? ஓடும்போது உள்ள சூடு, ஈரம் எல்லாம் காத்தோட காத்தா இருக்கு. நின்னதும் மூடி குளிருது. உள்ள இருக்கிற ஈரத்துக்குப் போக்கிடம் இல்ல. அங்கயே ஒட்டிக்குது. லஸ்ஸாத் சொன்னது சரிதான், ஹம்மாமேதான். கட்டினவன் நீ."

ஷத்லி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தான். மூன்று வருஷமாக வாங்கிப் போட்ட பிளக்கும் ஒயரும் காயிலும் அவன் கண்முன் வரிசையில் வந்து நின்றிருக்க வேண்டும். கோபப்படப் போகிறான் என்று நினைத்தாள். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

தலந்தா மூடியைத் துடைத்தாள். உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு கறுத்த முடி ஒட்டியிருந்தது. அவள் தொழில் முடி. கை தானாக நகத்தால் சுரண்டியது. வரவில்லை.

ஷத்லி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இப்போது அவன் முறை. "இது முடி இல்ல, தலந்தா. தடம். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம், ஈரத்தைப் பார்த்ததும் குறுக்குவழியில பக்கத்து முனைக்குத் தாவியிருக்கு. தாவித் தாவி எரிச்சு, கரிப் பாதை போட்டுடுச்சு. இனிமே ஓட்டையைத் திறந்தாலும் இது பழைய வழியைத்தான் தேடும். புது மூடி வேணும். துனிஸ் முழுக்கத் தேடினாலும் இதுக்குக் கிடைக்காது."

"கரியைச் சுரண்டி எடுத்துட்டா?"

"சுரண்டின இடத்துல மறுபடி ஈரம் பிடிக்கும். மேல ஏதாவது பூசி மூடணும். வார்னிஷ் மாதிரி."

தலந்தா எழுந்து உள்ளே போனாள். நகம் அலங்கரிக்கும் பெட்டியோடு வந்தாள். மெல்லிய அரத்தால் கரித்தடத்தைத் துளி மிச்சமில்லாமல் ராவினாள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாள். நகப்பூச்சுக் குப்பிகளை வரிசையாக வைத்தாள்.

"மின்னுறது வேணாம்" என்று ஷத்லி கையைப் பிடித்தான். "அதுல உலோகத் தூள் இருந்தாலும் இருக்கும். மின்சாரத்துக்கு நாமே பாலம் கட்டின மாதிரி ஆயிடும்."

நிறமில்லாத பூச்சை எடுத்தாள். கல்யாணப் பெண்ணின் விரலுக்குக்கூட அவ்வளவு கவனமாகப் பூசியிருக்க மாட்டாள். ஹேர் டிரையரைச் சூடில்லாமல் காட்டி உலர்த்தி, மேலே இன்னொரு பூச்சு. ஷத்லி ஊசியால் மூச்சு ஓட்டையைத் திறந்தான். ட்யூப் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, முன்பக்கச் சாரலுக்கு மட்டும் ஒரு சின்னத் தகரத்தை வளைத்து மாட்டினான். "குடை போதும், போர்வை வேணாம்" என்றாள் தலந்தா.

அன்றும், அதற்குப் பிறகு மழை பிடித்த நாளெல்லாமும் சூடேற்றினார்கள், நிறுத்தினார்கள், காப்பி குடித்தார்கள், சாவியைத் திருப்பினார்கள். ஹமாமா ஒரு தடவைகூட இருமவில்லை. கழகத்தில் போய்ச் சொல்ல ஷத்லிக்கு நாக்கு அரித்தது. தலந்தா ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடட்டும். அப்புறம் அவங்களே சொல்லட்டும்."

பிப்ரவரியில் கழகத்தின் பெரிய ஓட்டம். ஜெந்தூபா, ஃபெர்னானா வழியாக மலையேறி ஐன் திராஹம் வரை. மலையில் அன்று மூடுபனி. ஃபெர்னானாவில் காப்பிக்காக எல்லாக் கார்களும் நின்றபோது லஸ்ஸாத், "ஷத்லி, இங்கயே நல்ல ஓட்டல் இருக்கு. ராத்திரி தங்கிக்கோ. நாங்க திரும்பும்போது பார்த்துக்கிறோம்" என்றார். ஹமாமா முதல் திருப்பில் கிளம்பியது. "இன்னும் மலை இருக்குல்ல" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார்.

தக்கை மரக் காட்டுக்குள் பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் மரத்தடி ஏற்றிய லாரி சரிந்து கிடந்தது. சாலை முழுக்க மரத்தடிகள். காவலர் ஒருவர் எல்லோரையும் நிறுத்தி, "நேரமாகும், வண்டியை அணைச்சுடுங்க" என்றார். ஏறி வந்த சூட்டோடு பழைய கார்கள் எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. பனி நனைந்த கம்பளிபோல அவற்றின் மேல் படிந்தது. ஜனங்கள் மலாவி ரொட்டியில் காரத் துவையல் தடவித் தின்றார்கள். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிப் பகிர்ந்தார்கள். சின்னப் பிள்ளைகள் குளிரில் மூக்கை உறிஞ்சின.

தலந்தா மட்டும் சாப்பிடவில்லை. இதைவிடப் பொல்லாத சோதனை வேறு கிடையாது என்று அவளுக்குத் தெரியும். முற்றத்துத் தூறல் இந்தப் பனிக்குக் கால்தூசு.

டிராக்டர் வந்து கடைசி மரத்தடியையும் இழுத்துப்போட்டது. "ஏறுங்க, ஏறுங்க!" என்றார் காவலர். வரிசை நெடுக ஸ்டார்ட்டர்கள் கத்தின. ஒன்றும் பிடிக்கவில்லை. முனகல், இருமல், வெடி, மறுபடி முனகல். ஷத்லி 'பிஸ்மில்லா' என்று சொல்லிச் சாவியைத் திருப்பினான்.

ஒரே திருப்பு. அந்தப் பனிக்குள் ஹமாமாவின் குரல் மட்டும் தாளம் தப்பாமல் கேட்டது. அத்தனை தலைகளும் திரும்பின.

ஷத்லி கியரில் கையை வைத்தான். "போயிடுவோமா? நாம மட்டும் மேல போய்ச் சேர்ந்தா, தலந்தா, யோசிச்சுப் பாரு!"

தலந்தா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். "மேல போனா நம்மளை யார் பார்ப்பா? பார்க்க வேண்டியவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. அணைக்காத, ஓடட்டும். இறங்கு."

முதலில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ம்னாவரின் குட்டிப் பச்சைக் கார். மரியாதைக்கு முன்னால் 'சி' போட்டுத்தான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். "என்ஜினைச் சுத்துங்க" என்று சொல்லிவிட்டு, தன் மேல்கோட்டைக் கழற்றிப் பானட்டுக்கு மேல் பிடித்து உள்ளே பார்த்தாள். வெடித்த பழைய ஒயர்களில் நீலப் பொறி மின்மினிபோல ஓடியது. "இங்க பாருங்க சி ம்னாவர், உங்க வண்டி வெளியில நனைஞ்சிருக்கு. உள்ள ஒண்ணுமில்ல." காரில் கொண்டுவந்திருந்த ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வோர் ஒயராகத் துடைத்தாள், ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைத்தாள். பச்சைக் கார் பிடித்தது. ம்னாவரின் மனைவி ரஷீதா நாக்கைச் சுழற்றி நீளமாகக் குலவையிட்டாள். காடு அதைத் திருப்பிச் சொன்னது.

அடுத்த காரில் காயில் தலையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன. துடைத்ததும் பிடித்தது. "எனக்கும் அதேதானே?" என்று ஒருவர் ஓடி வந்தார். "ஒரே இருமல்னா ஒரே நோயா? திறங்க, பார்ப்போம்" என்றாள். ஷத்லி அவள் பின்னால் ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மருத்துவருக்குப் பின்னால் போகும் உதவியாளரைப் போல அவன் முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

கடைசியில் கறுப்புக் கார். லஸ்ஸாத் பானட் மேல் கையூன்றி நின்றார். "எனக்கு வேணாம். இது பேட்டரி."

"பேட்டரி போனா இவ்வளவு வேகமா சுத்துமா, சி லஸ்ஸாத்? கையை எடுங்க."

"லெல்லா தலந்தா, நான் சொல்றேன்ல..." என்று அவர் பெண்களுக்கான மரியாதைச் சொல் போட்டு இழுத்தார்.

ரஷீதா அவர் கையைப் பிடித்து நகர்த்தினாள். பானட் திறந்தது. உள்ளே, டிஸ்ட்ரிபியூட்டர் மேல், அழகாக வெட்டி மாட்டிய சைக்கிள் ட்யூப். சுற்றிலும் பளபளவென்று புதுச் சிலிக்கான்.

ஷத்லி வாயைத் திறந்தவன் மூட மறந்தான். "இது... இது என் கவசம்!"

லஸ்ஸாத்தின் கனத்த குரல் எங்கேயோ போய்விட்டது. "போன மாசம் உன் வீட்டுக்கு வந்தப்போ காட்டினியே... நல்ல யோசனையாத்தான் தெரிஞ்சுது."

"யா ரப்பி! என் ஆண்டவனே! ஹம்மாமுக்குத் தம்பி பொறந்திருக்கான்!" என்றாள் ரஷீதா. அந்தச் சிரிப்பில் காவலரும் டிராக்டர்காரரும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது ஷத்லி. சிரித்துக்கொண்டே, "தப்பு யோசனை என்னோடது, சி லஸ்ஸாத். உங்க மேல பழி இல்ல. நானே கீறிடுறேன்" என்று பேனாக்கத்தியை எடுத்தான்.

மூடி வந்தது. உள்ளே முத்து முத்தாக வேர்வை. தலந்தா அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். ஈரத்தைத் தலைத்துணியின் நுனியால் ஒற்றி எடுத்து, ஓடிக்கொண்டிருந்த ஹமாமாவின் என்ஜின் சூட்டுக்கு மேல் பிடித்து உலர்த்தினாள். கரித்தடம் இன்னும் விழவில்லை; பிழைத்தது. அடைத்த ஓட்டையைத் திறந்து, மூடியை மாட்டினாள். கறுப்புக் கார் உறுமிக்கொண்டு எழுந்தது.

லஸ்ஸாத் கொஞ்ச நேரம் தன் காரின் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். பிறகு வரிசைக்கு முன்னால் வந்து, பழைய குரலில், ஆனால் வேறு மாதிரி, "எல்லாரும் வழி விடுங்க! ஹமாமா முன்னால போகட்டும்!" என்று கத்தினார்.

ஸ்டியரிங் பக்கம் ஏறப் போன ஷத்லியைத் தலந்தா கையை நீட்டித் தடுத்தாள். "தள்ளி உக்காரு. நான் ஓட்டுறேன்."

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் மறுபேச்சில்லாமல் பக்கத்து இருக்கைக்குப் போய் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டான். "இடது பக்கம் வளைவு" என்றான் பணிவாக.

"கண் தெரியுது" என்றாள்.

மேலே ஏற ஏறப் பனி விலகியது. ஐன் திராஹமின் சிவப்புக் கூரைகள் மேல் வெயில் விழுந்திருந்தது. வேலியோரங்களில் வெண்பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. எப்போதோ வந்திருக்க வேண்டிய கார்கள் வரவில்லை என்று சலித்துப்போய் உள்ளே போயிருந்தவர்கள், ஹாரன் சத்தம் கேட்டுக் காப்பிக் கடைகளிலிருந்து வெளியே ஓடி வந்தார்கள். முதலில் புறா நிறக் கார், அதில் தலைத்துணியெல்லாம் கரியோடு ஒரு பெண். பின்னால் குட்டிப் பச்சை. பின்னால் ஒவ்வொன்றாக எல்லாமும், ஒன்றுகூடக் குறையாமல். கடைசியில் பெரிய கறுப்புக் கார், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.

சதுக்கத்தில் நிறுத்தும் இடத்தைக் காட்டி ஒருவர் கொடி அசைத்தார். தலந்தா பிரேக் மேல் காலை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"என்னாச்சு? இங்கதான்!" என்றான் ஷத்லி.

"தெரியும். இன்னொரு சுத்து."

அவள் சதுக்கத்தை வளைத்துத் திரும்பினாள். கொடிக்காரர் திகைத்து நின்றார். பச்சைக் கார் பின்தொடர்ந்தது, அதன் பின்னால் மற்றவையும். லஸ்ஸாத்தும் மறுபேச்சில்லாமல் வளைந்து வந்தார். ரஷீதாவின் குலவை ஊரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.